பேஸ்போல் அண்ணையின் ‘நாங்கள்’

“நாங்கள் அந்த வருசம் கடைசி ஆட்டத்திலைதான் தோத்தனாங்கள்” என்று அவர் தொடங்கினால், புதிதாக வந்தவர்கள் மரியாதையாக முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்டத்தைச் சொல்கிறார் என்று நினைப்பார்கள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிய பிறகுதான் சங்கதி விளங்கும். அவர் சொல்வது அமெரிக்காவில் ஒரு நகரத்தின் பேஸ்போல் அணியை. சம்பளம் வாங்கி விளையாடும் பெரிய அணி. அந்த நகரத்தில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ஒரு முழு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ‘நாங்கள்’தான்.

சுவிஸில், ஆரா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்திலேயே, எங்களுக்குக் கீழ்வீட்டில் அவர் இருந்தார். இப்போது நான் சூரிச்சில் ஓர்லிகோனுக்கு வந்து பல வருடமாகிவிட்டது. அந்த ஊர்ப்பக்கத்து ஆட்களைக் கடையில் கண்டால், “பேஸ்போல் அண்ணை எப்பிடி இருக்கிறாராம்?” என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள். எல்லோருக்கும் அவர் பகிடி. எனக்கு அவரை நினைத்தால் முதலில் எரிச்சல் வரும். அது அடங்கிய பிறகும் எரிச்சல்தான் வரும். ஏனென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதையின் தொடக்கம் பாவமானதுதான். அதை மறைக்கக்கூடாது. அவரையும் அவருடைய தம்பியையும் ஒரு ஏஜென்சிக்காரன் அமெரிக்காவுக்கு என்று ஏற்றிவிட்டிருக்கிறான். சூரிச் விமான நிலையத்தில் விமானம் மாறவேண்டும். தம்பியின் கள்ளக் கடவுச்சீட்டு பிடிபடாமல் போய்விட்டது. இவருடையது பிடிபட்டுவிட்டது. தம்பி அந்தப் பெரிய நகரத்தில் போய் இறங்கினான். இவர் இங்கே அகதி விண்ணப்பம் போட்டு, மலையடிவாரத்தில் ஒரு அகதி முகாமில், ஆறு கட்டில் போட்ட அறையில் படுத்தார். தம்பி அங்கிருந்து அனுப்பிய முதல் பொதியில் ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் இருந்தன. அந்த நகரத்துப் பேஸ்போல் அணியின் வரலாறு. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடந்ததைத் தம்பி வாங்கிப் பொதி நிரம்புவதற்காகப் போட்டிருப்பான் என்பது என் எண்ணம். இவர் அகராதியை வைத்துக்கொண்டு அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். முகாமில் மற்றவர்கள் ஜெர்மன் படித்தார்கள், சீட்டாடினார்கள், அழுதார்கள். இவர் பேஸ்போல் படித்தார்.

அதோடு விட்டிருந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதியிருப்பேன். அவர் விடவில்லை. தன்னை இங்கே இறக்கிவிட்டது ஒரு தற்காலிக ஏற்பாடு என்றே கடைசிவரை நடந்துகொண்டார். வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை, நிரந்தர வதிவிட அனுமதி, கல்யாணம், தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் எல்லாம் வந்தன. ஆனால் எதிரே நிற்கிற மலைக்கு என்ன பெயர் என்று கேட்டால் தெரியாது. பழைய கடதாசி எடுக்க வண்டி எந்தக் கிழமை வரும் என்று நான் குடிவந்த புதிதில் அவரைக் கேட்டேன்.

“உதெல்லாம் என்ர மனிசி பாத்துக்கொள்ளுவா, பிள்ளை,” என்றார். “நீர் இதைக் கேளும். எங்கட பழைய அரங்கம் எரிஞ்ச கதை தெரியுமோ?”

நான் வாளி நிறைய ஈர உடுப்போடு சலவை அறை வாசலில் நின்றேன். இந்த நாட்டில் மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குச் சலவை அறை முறை என்றால் என்னவென்று தெரியும். உங்கள் நேரம் முடிந்ததென்றால் முடிந்ததுதான். மரத்தால் கட்டிய அரங்கம், யாரோ அணைக்காமல் போட்ட சுருட்டு, கூரையில் ஏறித் தப்பிய வாத்தியக்காரர் என்று அவர் எரித்து முடிப்பதற்குள், மேல்மாடிச் சுவிஸ் கிழவி வந்து என் மிச்ச உடுப்புகளை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு மாதம் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. “பிறகு புது அரங்கம் கட்டினனாங்கள்,” என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அணியின் வரலாறு முழுக்க எனக்குத் தெரியும். நான் கேட்காமலே தெரியும். பியர் காய்ச்சும் முதலாளி ஒருவர், தன்னுடைய தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு முதலாளியின் கடையில் போய்க் குடிக்கிறார்களே என்ற கவலையில் தொடங்கிய அணி அது. கல்யாண வீடு, சாமத்தியவீடு போன்ற நல்ல காரியங்களுக்கு அண்ணை இந்த அத்தியாயத்தைத்தான் எடுப்பார். பத்து விரலும் கோணிப்போன ஒரு பந்து பிடிப்பவர் இருந்தார். அவர் விரல் முறிந்த கையோடு ஒரு பருவம் முழுக்க ஆடியவர். யாருக்காவது சுகமில்லையென்றால் பார்க்க வருகிற அண்ணை இவரையும் கூட்டிக்கொண்டு வருவார். நட்சத்திரப் பந்து வீச்சாளரோடு முதலாளி கோபித்துக்கொண்டு, அவரை எதிரணிக்கு விற்றது இன்னொரு அத்தியாயம். என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை மூடியபோது, அடுத்த நாளே அண்ணை வந்து சோபாவில் சாய்ந்து, அந்த விற்பனையை முழுதாக எடுத்துச் சொன்னார். போன வீச்சாளர் போன இடத்தில் பெரும் புகழ் பெற்றாராம். என் கணவர் அப்போது வேலை தேடும் அலுவலகத்துக்குப் புறப்பட்டுச் சப்பாத்தும் போட்டிருந்தார். பேருந்து போன சத்தம் கேட்டது. அண்ணை அப்போதுதான் வீச்சாளரை ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது தோல்விக் காலம். ஒரு மனிதனின் ஆயுள் அளவுக்கு நீண்ட தோல்வி. அதன் நடுவில் ஒரேயொரு முறை இறுதிப் போட்டிவரை போய், வெல்லவேண்டிய நேரத்தில், வெயில் கண்ணில் அடித்து ஒரு ஆட்டக்காரர் லேசான பந்தைத் தவறவிட்டார். அந்த இடம் வந்தால் அண்ணையின் குரல் இறங்கிவிடும். சொந்தத் தகப்பனின் சாவைச் சொல்வதுபோல் சொல்வார். அவருடைய தகப்பன் எப்படிச் செத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மகளின் பிறந்தநாளில் நடந்ததையும் சொல்லவேண்டும். வந்திருந்த சுவிஸ் பிள்ளைகளுக்கு ஆட்டத்தை விளக்குகிறேன் என்று, நான் பொரித்து வைத்த கட்லட்டுகளை மேசை விரிப்பில் நாலு மூலையிலும் வைத்தார். இதுதான் முதலாம் தளம், இதுதான் இரண்டாம் தளம், ஓடுகிறவன் இப்படிச் சுற்றி வந்து வீட்டைத் தொடவேண்டும் என்று தன் ஜெர்மனில் சொன்னார். பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் தளத்தைத் தின்றுவிட்டார்கள். அவர் இன்னொரு கட்லட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு அரங்கம் எரிந்த கதைக்குப் போனார். கேக் வெட்டப் பிந்திவிட்டது. மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நான் அன்று சிரிக்கவில்லை, இன்றும் சிரிக்கவில்லை.

புத்தகம் அச்சான ஆண்டோடு அவருடைய வரலாறும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அணிக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்பதில்லை. என் கணவர் ஒருமுறை கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “அண்ணை, உங்கட ரீமைப் பற்றி இதிலை கிடக்கு, பாருங்கோ” என்று நீட்டினார்.

அண்ணை உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். “போனிலை வாறது செய்தி, தம்பி. புத்தகத்திலை வந்தால்தான் சரித்திரம்.”

“இல்லை அண்ணை, இதைக் கட்டாயம்—”

“மூடும் அதை. கண்டவன் கிண்டவன் எழுதுறதை நான் வாசிக்கிறேல்லை.”

என் கணவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த மனிதருக்கு ஒரு மனைவி இருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஒன்றாக வேலை செய்தோம். வீட்டில் அக்கா பேசி நான் கண்டதில்லை. பேச இடைவெளி கிடைத்தால்தானே. யாராவது அக்காவிடம் ஒன்று கேட்டால் அண்ணைதான் பதில் சொல்வார். “உப்புக் காணுமோ அக்கா?” என்று கேட்டாலும் அவர்தான், “காணும் காணும்” என்பார். ஆனால் இல்லத்தில் அக்கா வேறு ஆள். படுக்கையில் கிடக்கிற கிழவர்களுக்கு அவர்களுடைய பேச்சு மொழியிலேயே பகிடி விடுவார். ஊர்ப் பெண்கள் சங்கத்தின் நத்தார்ப் பண்டிகை விற்பனைக்கு ஒவ்வொரு வருடமும் ரோல்ஸ் செய்து கொடுப்பார். தெருவில் இறங்கினால் அவருக்கு வணக்கம் சொல்லாத ஆள் அந்த ஊரில் குறைவு.

அக்காவுக்கு ரொறன்ரோவில் ஒரு தங்கை. ஒரே தங்கை. பேபி என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே, பதிவில் ஒரு பெயர் இருக்கும், அது பள்ளிக்கூடத்துக்கும் விசா அலுவலகத்துக்கும். வீட்டுக்கு இன்னொரு பெயர். பேபி கல்யாணம் முடித்துக் கனடாவுக்குப் போன பிறகு அக்காவும் அவளும் ஒருவரையொருவர் காணவில்லை. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்துதான் நாள் போனது. அக்கா அகதிப் பயணப் பத்திரத்தோடு கனடா விசாவுக்கு விண்ணப்பித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. பிறகும் கேட்டார், பிறகும் கிடைக்கவில்லை. சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கையில் இருந்தால் விசாவே தேவையில்லை. அதற்குக் குடியுரிமை எடுக்கவேண்டும், அதற்கு ஊர்ச் சபையின் முன்னால் போயிருந்து நேர்முகத்தில் பதில் சொல்லவேண்டும்.

தான் மட்டும் விண்ணப்பிக்கிறேன் என்றுதான் அக்கா முதலில் சொன்னார். அண்ணை விடவில்லை. “போறதெண்டால் ரெண்டு பேரும் போவம். நான் கூட வந்து கதைக்கிறன். நீர் பயப்பிடாதையும்.” அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. சிவப்புக் கடவுச்சீட்டோடு அமெரிக்காவுக்குப் போய், அந்த அரங்கத்தில் மூன்றாம் தளத்துக்கு நேரே ஒரு இருக்கையில் உட்காரவேண்டும். எந்த வரிசை என்றுகூடச் சொல்வார்.

அக்கா படித்தார். கரட் சீவும்போது நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். ஊரின் ஓடை எந்த ஆற்றில் சேருகிறது, ஊர்த்தலைவி யார், ஊர்க்கூட்டம் எப்போது கூடும், வாக்கெடுப்பு எப்படி நடக்கும் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. எல்லாவற்றையும்விட ஒரு பதிலைத்தான் அதிகம் சொல்லிப் பார்த்தார். ஏன் சுவிஸ் பிரசையாக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு. “என் தங்கை கனடாவில் வருத்தமாக இருக்கிறாள். அவளைப் போய்ப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவேன். என் வீடு இங்கேதான்.” இதை அவர்களுடைய மொழியில், அவர்களுடைய இழுவையோடு சொல்வார். எங்களுக்குப் பொறுப்பான சமையலறைப் பெரியவர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து கைகொடுத்தார்.

நேர்முகத்தன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, ரோல்ஸ் பொரித்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். முதலில் அண்ணை உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. நேரே மேசைக்குப் போய் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். பின்னால் வந்த அக்கா மேல்கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தார்.

“எப்பிடிப் போச்சுது?” என்றேன்.

“மூளையில்லாத பெடியன்,” என்றார் அண்ணை. “சபையிலை இருக்கிறானாம் எண்டால் எல்லாம் தெரியுமெண்ட நினைப்பு.”

“யார், என்ன கேட்டவை?”

“சங்கம் கழகம் ஏதும் உங்களுக்கு நெருக்கமானது இருக்கோ எண்டு கேட்டவை. நான் ஓம், இருக்கெண்டு எங்கட ரீமைப் பற்றிச் சொன்னனான். ஆரம்பத்திலையிருந்து வடிவாச் சொன்னனான்.”

“பியர் முதலாளியிலை இருந்தோ அண்ணை?”

“பின்னை? நடுவிலை இருந்து சொன்னால் விளங்குமே?”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கேள்வி எனக்கு, பிள்ளை. பெண்கள் சங்கத்தைப் பற்றி நான் சொல்லுவனெண்டுதான் சபையிலை இருந்த மனிசி கேட்டவா. என்னைப் பாத்துத்தான் கேட்டவா.”

“அவவுக்கு யோசிக்க நேரம் வேணுமெண்டு நான் இடையிலை சொன்னனான்,” என்றார் அண்ணை.

“மனைவி பேசட்டும் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவா. இவர் ‘கொஞ்சம் பொறுங்கோ, இந்த இடத்தை முடிச்சிட்டு விடுறன்’ எண்டுட்டார்.”

நடந்தது இதுதான். சபையில் இளம் உறுப்பினர் ஒருவர் மாணவனாக இருந்தபோது அமெரிக்காவில் ஒரு வருடம் தங்கியவர். நல்ல மனதோடு சிரித்து, “அந்த அணியா? எனக்குத் தெரியும். ஆனால் அது இப்போது அந்த நகரத்தில் இல்லையே. முதலாளி விற்றுவிட்டார். வேறு மாநிலத்துக்குப் போய்ப் பெயரும் மாற்றிவிட்டார்கள். பழைய அரங்கத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்” என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராயிருந்தாலும் ஐயையோ அப்படியா என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி நின்றிருக்கிறார்.

“பொய் சொல்லுறான், பிள்ளை! அதை என்ரை முகத்துக்கு நேரே சொல்லுறான்! நான் பாத்துக்கொண்டிருக்கிறதோ?”

“இவர் கத்தினவர்,” என்றார் அக்கா. “அந்தப் பெடியன் ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் பிழையாகவும் இருக்கலாம்’ எண்டுகூடச் சொன்னவன். இவர் விடேல்லை. தோத்த வருசங்களையெல்லாம் வரிசையாச் சொல்லத் தொடங்கிட்டார். கடைசியிலை அந்த மனிசி என்னட்டைத் திரும்பி, ஏன் சுவிஸ் பிரசையாக விரும்புறீங்கள் எண்டு கேட்டவா. எனக்கு வாய் வரேல்லை, பிள்ளை. ஒரு சொல்லும் வரேல்லை. வெக்கத்திலை எனக்கு அவையின்ர மொழியே மறந்துபோச்சு. தங்கச்சி எண்டு தமிழிலை சொன்னன். பிறகு அழுதிட்டன்.”

“அழுதால் பாவம் பாப்பினம். அது நல்லதுதான்,” என்றார் அண்ணை. இரண்டாவது ரோல்ஸை எடுத்தார்.

என் வாழ்க்கையில் வீட்டுக்கு வந்த ஒருவரின் கையிலிருந்து சாப்பாட்டைப் பறிக்கவேண்டும் என்று தோன்றியது அன்று மட்டும்தான். பறிக்கவில்லை. கோப்பைகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. இருவருடைய விண்ணப்பமும் ஒத்திவைப்பு. அக்கா விரும்பினால் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று அலுவலகத்துப் பெண் வழியில் கண்டு அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். அதை அக்கா வீட்டில் சொன்னபோது அண்ணை, “என்னை விட்டிட்டு நீர் மட்டும் சுவிஸ்காரியாகப் போறீரோ?” என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்கு நேரமில்லை, வேறு அவசர வேலை இருந்தது. புத்தகத்தில் வேண்டிய பக்கங்களுக்கெல்லாம் கடதாசித் துண்டுகள் செருகி, அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஊர் அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பெடியனிடம் காட்டவேண்டுமாம். விண்ணப்பத்துக்கான ஆவணமா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். இல்லை, சரித்திரம் என்று சொல்லியிருக்கிறார். உறுப்பினர் அங்கே இருக்கவில்லை. மறுபடியும் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தத் துணிப்பையோடு அவரைப் படியில் காண்பேன். அணி ஊர்மாறியது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்த பிறகுதான் இன்னும் உரத்துச் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் ஒரு சொட்டு இரக்கம் வந்தது. ஒரு சொட்டுத்தான். அதே குளிர்காலத்தில் அக்கா அவரைச் சம்மதிக்க வைக்க ஒவ்வொரு நாளும் முயன்றுகொண்டிருந்தார், ரொறன்ரோவில் பேபி மெலிந்துகொண்டு போனாள்.

“அவர் ஓமெண்டு சொல்லத் தேவையில்லை, அக்கா. நீங்கள் போய் எழுதிக் குடுங்கோ,” என்று நான் கத்தினேன்.

“மனம் நோவார், பிள்ளை. கொஞ்சம் ஆறட்டும்.”

வசந்தம் வந்த பிறகுதான் அக்கா தனியாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு தனியாகப் போய் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார், ஊர்க்கூட்டத்தில் ஊர்ச்சனம் கையை உயர்த்தி அவரை ஏற்றுக்கொண்டது, கடவுச்சீட்டும் வந்தது. இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அதற்கெல்லாம் முதலே, நேர்முகத்துக்கு நாள் குறிக்கமுதலே, கோடையில் ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

இங்கே இருக்கிற எங்களுக்குச் செத்தவீடு இப்போது தொலைக்காட்சியில்தான். அங்கே காலை, இங்கே பிற்பகல். அக்காவின் வீட்டு வரவேற்பறையில் தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து நேரலை போட்டிருந்தார்கள். அசையாத ஒரு கமரா. பெட்டியின் ஒரு பாதி, மலர்வளையங்கள், வரிசையில் வருகிறவர்களின் முதுகுகள். அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முதியோர் இல்லத்திலிருந்து சமையலறைப் பெரியவர்கூடக் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஊர்த்தலைவி ஒரு பூச்செண்டோடு வந்து ஓரத்தில் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அக்கா திரைக்கு மிக அருகில், நிலத்தில், கால்களை மடக்கிக்கொண்டு இருந்தார். தேவாரம் முடிந்தது.

அண்ணை தொண்டையைச் செருமினார்.

“இப்பிடித்தான் பாருங்கோ,” என்றார் என் கணவரைப் பார்த்து. “நாங்கள் அந்தக் கடைசி ஆட்டத்திலை, வெயில் கண்ணிலை அடிச்சு—”

“நிப்பாட்டுங்கோ.”

அக்கா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடிதான் சொன்னார். யார் பேசியது என்று அண்ணை ஒருகணம் சுற்றிப் பார்த்தார்.

“இல்லை, நான் ஒரு ஆறுதலுக்குத்தான்—”

அக்கா எழும்பினார். சேலையைச் சரிசெய்துகொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றார். கண் வறண்டிருந்தது.

“அந்த விரல் கோணினவன்ர பேர் என்ன?”

அண்ணை சொன்னார். பழக்கத்தில் உடனே வந்துவிட்டது.

“வித்துப்போட்ட பந்துக்காரன்?”

அதையும் சொன்னார்.

“வெயில் அடிச்சுப் பந்தை விட்டவன்?”

“இஞ்சரும், இப்ப ஏன் உதுகளை… சனம் இருக்குது.”

“சொல்லுங்கோ.”

முழுப்பெயரையும் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

“என்ர தங்கச்சியின்ர பேர் என்ன?”

“பேபி.”

“அது நாங்கள் கூப்பிடுறது. அவளின்ர பேர் என்ன?”

இறப்பு அறிவித்தல் அன்று காலை எங்கள் எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்திருந்தது. அவருடையதுக்கும் வந்திருந்தது. அண்ணை என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்லமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தமிழ் தெரியாத ஊர்த்தலைவிகூடக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணை சட்டைப் பையில் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டார். கழுத்தை நீட்டி, அக்காவைத் தாண்டித் திரையைப் பார்த்தார். அடியில் உடல் வைத்திருந்த மலர்ச்சாலையின் விலாசம் ஓடியது, பிறகு கிரியை நேரம் ஓடியது. அந்தப் பெயர் வரும்வரை அவர் காத்திருந்தார். வந்ததும், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“யோ…க…ராணி.”